பட்டத்துக்கு உருக்கிய இரும்பு

இரும்பைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவன் நான். ஆனால் என் வீட்டில் என் கையில் சுத்தியலைத் தரமாட்டார்கள். சுவரில் ஆணி அடிக்க வேண்டும் என்றால் என் மனைவி மகாலட்சுமி என்னைப் பால் வாங்கிவர அனுப்பிவிட்டு, நான் திரும்புவதற்குள் தானே அடித்து முடித்திருப்பாள்.

என் பெயர் மொக்கைச்சாமி. குலசாமியின் பெயர், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருவதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஆய்வுக்குப் பதிவு செய்தேன். ஒன்பது வருடம் ஆயிற்று. தலைப்பு, 'கம்பம் பள்ளத்தாக்கில் தொடக்ககால இரும்பு உருக்குதல்'. வரலாற்றுக்கு முந்தைய காலத்து மனிதர்கள் களிமண் உலை கட்டி, மரக்கரி போட்டு, ஆற்றின் கருமணலிலிருந்து இரும்பு எடுத்த கதை. மற்றவர்கள் புத்தகத்தில் 'மிகுந்த பாடுபட்டு' என்று இருந்த இடத்திலெல்லாம் நான் 'எளிதாக' என்று மாற்றி எழுதினேன். தமிழனின் பெருமை கூடும் என்று நினைத்தேன்.

இந்த வருடம் இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டார்கள். ஜூன் முப்பதோடு என் பதிவுக்குக் கடைசி நீட்டிப்பு முடிகிறது என்றது ஆய்வு மையம். அதே ஜூன் முப்பதுக்குள் முனைவர் பட்டம் காட்டாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றது எங்கள் கல்லூரி. நாற்பத்தைந்து வயதில் வீட்டுக்குப் போனால், மகாலட்சுமி சின்னமனூரில் நடத்தும் வாழைக்காய் சிப்ஸ் கம்பெனியில்தான் எனக்கு வேலை. அங்கேயும் அவள் என்னை எண்ணெய்ச்சட்டிப் பக்கம் விடமாட்டாள்.

ஆய்வேட்டைப் படிக்க இரண்டு தேர்வாளர்கள். ஒருவர், 'மிகச் சிறப்பு. இன்னும் ஐம்பது பக்கம் கூடியிருக்கலாம்' என்று எழுதினார். இன்னொருவர் முழுவதையும் படித்துவிட்டார். அவருடைய அறிக்கையில் ஒரே வரி: 'ஆய்வாளர் தாம் சொல்லும் எளிய முறையில் இரும்பு எடுத்துக் காட்டினால் பட்டம் தரலாம்.'

என் நெறியாளர் பேராசிரியர் தங்கப்பாண்டியன் அந்த வரியை மூன்று முறை படித்தார்.

"எலேய் மொக்கை, முப்பத்தொரு பேர டாக்டர் ஆக்கிருக்கேன். ஒருத்தன் எதையாச்சும் செஞ்சு காட்டுனதுண்டா? விவசாயத்துல பட்டம் வாங்குனவன் வரப்புல கால வச்சதில்ல. ஒனக்கு மட்டும் ஏன்யா இப்பிடி வருது?" என்றார்.

"எளிதாகன்னு எழுதிட்டேங்கய்யா."

"எத்தனை எடத்துல?"

"அறுபத்தோரு எடத்துல."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வாய்மொழித் தேர்வு ஜூன் இருபத்தாறு, காலை பதினொரு மணி, இரும்பு எடுத்தல் உட்பட, என்று முடிவாயிற்று. இரண்டாமவருக்கு உடல்நிலை சரியில்லாததால் 'மிகச் சிறப்பு' எழுதியவர்தான் வருகிறார் என்று தெரிந்ததும் நெறியாளர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. உடனே மதியச் சாப்பாட்டுக்கு ஒரு குழு அமைத்தார்.

முதலில் கருமணல். முல்லையாற்றில் இறங்கி, காந்தத்தைத் துணியில் சுற்றி மணலில் துழாவினால் கருப்பாக வந்து ஒட்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துக் கிலோ சேர்த்து, இரண்டு பைகளில் கட்டி டி.வி.எஸ்.ஸில் வைத்துக்கொண்டு வரும்போது ஒரு காவலர் நிறுத்தினார்.

"என்னது, மணலா?"

"இல்லங்க. இரும்பு."

அவர் பையைத் திறந்து அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் மணல் ஒழுகியது.

"படிச்சவுக மாதிரி தெரியுதீக. மணலக் கடத்தினாலும் மணல்னு சொல்லிக் கடத்தணும்" என்றார். நான் ஆய்வுச் சுருக்கத்தைக் காட்டினேன். அதை இரண்டு பக்கம் படித்ததும் கொட்டாவி விட்டுப் போகச் சொல்லிவிட்டார். என் ஆய்வால் ஒருவருக்கு நேரடிப் பயன் கிடைத்ததும், அந்த ஒருவர் நான் மட்டுமே என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மணலைவிடக் கடினம் ஆய்வு மையத்தின் அலுவலகம். அங்கே கண்காணிப்பாளர் லூர்து மேரி. நல்ல மனுஷி. விதிக்கு வெளியே ஒரு மூச்சுகூட விடமாட்டார். உலை ஒரு 'கருவி' என்பதால் கருவிப் படிவம் கொடுத்தார். தயாரிப்பாளர் பெயர், உற்பத்தி ஆண்டு, உத்தரவாதக் காலம் என்று கட்டங்கள் இருந்தன. உற்பத்தி ஆண்டில் 'கி.மு. ஆயிரம் வாக்கில்' என்று எழுதினேன். பதினைந்து வருடத்துக்கு மேல் பழைய கருவிகளை உபயோகிக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார். இந்த வருடத்தை எழுதியதும் ஏற்றுக்கொண்டார். காந்தத்தையும் விடவில்லை. ஆய்வுக்காக வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று வாங்கி, எண் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்து ஆட்டுத்தோல் துருத்தி. உலைக்குக் காற்று ஊத அந்தக் காலத்தில் அதுதான். விலங்கு நெறிமுறைக் குழு கூடி ஒரு கேள்வி அனுப்பியது: 'மேற்படி ஆடு ஏற்கெனவே இறந்துவிட்டதா, இந்த ஆய்வுக்காக இறக்க இருக்கிறதா?' ஏற்கெனவே இறந்துவிட்டது என்று பதில் போட்டேன். அப்படியானால் ஆடு உயிரோடு இருந்தபோது முன் அனுமதி வாங்காதது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். நான் துருத்தியைக் கைவிட்டேன். அந்தக் குழுவின் சாப்பாட்டில் மட்டன் சுக்கா இருந்தது என்பதை இங்கே சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

மகாலட்சுமி கேட்டாள், "காத்துதான வேணும்? நம்ம கம்பெனில பழைய ப்ளோயர் கெடக்குல்ல, கையால சுத்துறது. அதக் கொண்டு போவம்."

நெறியாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்ன? ஒரு சாக்கப் போட்டு மூடிரு. வரலாத்துக்கு முந்தைய காலம் ஆயிரும்" என்றார்.

கடைசியாக ஒப்புமை அறிக்கை. யாருடையதையாவது பார்த்து எழுதியிருக்கிறோமா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. என் எழுத்தில் ஒன்பது சதவீதம்தான் காட்டியது. எல்லாப் புத்தகத்திலும் 'பாடுபட்டு' என்றிருக்க, நான் மட்டும் 'எளிதாக' என்று எழுதியது அங்கே கைகொடுத்தது. ஆனால் உலையின் படம் மாட்டிக்கொண்டது. உலகத்தில் கிடைத்த பழைய உலைகளோடு ஐம்பத்தெட்டு சதவீதம் ஒத்துப்போகிறதாம்.

"மேடம், பழைய உலை மாதிரியே கட்டுறதுதான் ஆய்வே" என்றேன்.

"சார், அவுகளப் பாத்து நீங்க கட்டுனீகளா, ஒங்களப் பாத்து அவுக கட்டுனாகளான்னு சாப்ட்வேருக்குத் தெரியாது. பத்துக்குக் கீழ வந்தாத்தான் பைல் நகரும்" என்றார் லூர்து மேரி.

"வட்டமா இருக்கதுதானய்யா பிரச்சினை? மூணு மூலையா கட்டு" என்றார் நெறியாளர்.

மூன்று மூலையாக வரைந்தேன். அப்படி ஓர் இரும்பு உலை உலகில் எங்கும் கிடைத்ததில்லை என்பதால் ஏழு சதவீதம் வந்தது. 'அசல் ஆய்வு' என்று சான்றிதழ் தந்தார்கள். அதை நான் சட்டம் போட்டு மாட்டினேன். ஆணி அடித்தது மகாலட்சுமி.

மையத்தின் பின்புறம், சைக்கிள் கொட்டகைக்கு அருகில் இடுப்பளவு உயரத்தில் முக்கோண உலை எழுந்தது. மகாலட்சுமி சுற்றி வந்து பார்த்தாள்.

"எந்தக் கிறுக்கன் இப்பிடி வரைஞ்சான்?"

"நான்தான்."

"மூலைல எப்பிடிக் காத்து சுத்தும்? ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது. அடுப்பு வேலை பாத்தவ யார்ட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

சேலையைச் செருகிக்கொண்டு, களிமண்ணைக் குழைத்து உள்பக்கம் பூசி வட்டமாக்கினாள். வெளியே மூன்று மூலை, உள்ளே வட்டம். வெளியே சாப்ட்வேருக்கு, உள்ளே இரும்புக்கு.

இருபத்தாறாம் தேதி காலை ஆறு மணிக்குத் தீ மூட்டினோம். உலைக்கு ஐந்தாறு மணி நேரம் வேண்டும். தேர்வுக்கு இரண்டு மணி நேரம்தான். ஒரு மணிக்குச் சாப்பாடு, அதில் மாற்றமே இல்லை. நான் கோட்டும் டையும் போட்டிருந்ததால் உலைக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மகாலட்சுமிதான் ப்ளோயரைச் சுற்றினாள். ஒரு கூடை கரி, ஒரு சிரட்டை கருமணல், மறுபடி கரி. சுவாலை மஞ்சளாகும்போது வேகம் கூட்டினாள், வெளுக்கும்போது குறைத்தாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. என் ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் அதற்கு எட்டுப் பக்க விளக்கம் இருக்கிறது. எனக்கு அது அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

எட்டு மணிக்கு அவள் கை கொப்பளித்திருந்தது. "எளிதாகன்னு எழுதுனீகளே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டேன்.

பதினொன்றரைக்கு 'மிகச் சிறப்பு' எழுதிய புறத்தேர்வாளர் வந்தார். பொன்னாடை, மாலை, ஏலக்காய் மாலை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்தபோது மணி பன்னிரண்டே கால். அவர் பேசினார்.

"நான் இருபத்தேழு ஆண்டுகளாகத் தேர்வாளராக இருக்கிறேன். ஆய்வேட்டைப் படித்துவிட்டு வந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் நான் எதையும் படிப்பதில்லை. திறந்த மனத்தோடுதான் வருவேன், அதே மனத்தோடுதான் திரும்புவேன். ஆய்வாளரிடம் ஒரே ஒரு கேள்வி. ஏன் இரும்பு? ஏன் தங்கம் இல்லை?"

"தங்கம் என் நெறியாளர் பெயரில் ஏற்கெனவே இருப்பதால்…" என்றேன். கைதட்டினார்கள். ஒன்பது வருட ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அற்பனுக்கு அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் உலையைச் சுற்றி நின்றார்கள். நெறியாளர் என் காதில், "மொக்கை, எதுக்கும் இருக்கட்டும்னு சாம்பலுக்குள்ள ஒரு சாண் முறுக்குக் கம்பி சொருகி வச்சிருக்கேன். இரும்பு வரலேன்னா அத இழு" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மகாலட்சுமி கடப்பாரையால் உலையின் அடியை உடைத்து இழுத்தாள். செக்கச்செவேலென்று ஒரு கட்டி வந்து விழுந்தது. தண்ணீர் ஊற்றினோம். ஆவி அடங்கியதும் பார்த்தால், கருப்பாக, ஓட்டை ஓட்டையாக, தீய்ந்துபோன ஆப்பம் மாதிரி கிடந்தது. இரும்பு என்றால் பளபளவென்று, கம்பியோ தகடோ போல ஏதாவது வரும் என்று நினைத்திருந்தேன். நிபுணன் நான்தான் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காந்தம் லூர்து மேரியின் பீரோவில் இருந்தது.

"கசடு" என்றேன்.

புறத்தேர்வாளர் செருப்பு நுனியால் அதைப் புரட்டிப் பார்த்து, "சந்தேகமில்லாமல் கசடு" என்றார்.

நான் குனிந்து, சாம்பலுக்குள் இடுக்கியை விட்டு, முறுக்குக் கம்பியை இழுத்தேன். நுனி சிவந்திருந்தது. மறுபடி கைதட்டல். கொட்டகையில் சைக்கிள் எடுக்க வந்தவர்கள்கூடத் தட்டினார்கள். புறத்தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இதில் சாய்வாக வரி வரியாக இருக்கிறதே?"

நெறியாளர் என்னைப் பார்த்தார். என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. "ஐயா, அது தொல்மாந்தரின் பிடிமானத் தொழில்நுட்பம். கை வழுக்காமல் இருக்க."

"அற்புதம்! இன்று கட்டடக் கம்பிகளில் நாம் பார்க்கும் அதே வரிகள். அப்படியானால் அதையும் நம்மிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்!"

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. பட்டத்துக்குப் பரிந்துரை செய்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கம்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'தொடக்ககால இரும்பு. உருக்கியவர்: மொக்கைச்சாமி' என்று எழுதி நூலக வாசலில் வைத்தார்கள். மகாலட்சுமி ப்ளோயரையும் அந்தக் கட்டியையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஒரு பாரம் வேண்டியிருந்ததாம்.

இருபத்தொன்பதாம் தேதி. ப்ளோயரின் கைப்பிடி கழன்றிருந்ததால் வெல்டிங் பட்டறை சகாய பிரவீன் சிப்ஸ் கம்பெனிக்கு வந்திருந்தார். ஜீப்புகளின் அடிவயிற்றிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். ப்ளோயருக்கு முட்டுக் கொடுக்கச் சின்னதாக ஒரு கல் வேண்டும் என்று தார்ப்பாய் மேல் இருந்த கட்டியை எடுத்து, இரண்டாக உடைக்கச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். மேலே இருந்த கருப்புத் தோல் சிதறியது. கட்டி உடையவில்லை. மறுபடி அடித்தார். அடித்த இடம் நசுங்கியது.

"யக்கா, இது எங்கன கெடச்சுச்சு?"

"அவுக உருக்குன கசடு."

"கசடுன்னா கண்ணாடி மாதிரி சிதறும்க்கா. இது நசுங்குது." கிரைண்டிங் மெஷினைப் போட்டு அதன் ஓரத்தைத் தொட்டார். பொறி நீள நீளமாகப் பறந்தது. தேய்த்த இடம் வெள்ளி மாதிரி மின்னியது. "இரும்புக்கா. நல்ல இரும்பு. ரெண்டு கிலோ தேறும்."

நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்து வாழ்த்துச் செய்திகளுக்கு நன்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் உண்மை. எழுதிய எனக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லாமல் போயிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன், 'முதலில் கிடைக்கும் இரும்பு பஞ்சு போல் ஓட்டைகளோடு, கசடு மூடி, அழகற்று இருக்கும்' என்று. வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த வரி. எடுத்தபோது படிக்கவில்லை.

மகாலட்சுமி கொப்பளம் காய்ந்த கையால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஊதுன ஊதுக்கு வந்திருக்கு" என்றாள். கல்யாணமான இருபது வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

மறுநாள், ஜூன் முப்பது, காலையில் முதல் ஆளாக நெறியாளர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, இரும்பு வந்திருச்சு! அன்னிக்கு வந்தது இரும்புதாங்கய்யா!"

அவர் தினசரியை மடித்து வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயாச்சும் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. ஏன்யா, அது இரும்புன்னா நாம பெட்டில வச்சது என்னன்னு கேப்பாகளா மாட்டாகளா? அதுக்குத்தான பட்டம் குடுத்திருக்காக? நீ செஞ்சது நெசம்னு தெரிஞ்சா பட்டம் போயிரும். எனக்கு முப்பத்திரண்டாவது ஆள் நீ. கொஞ்சம் நெதானமா யோசி. ஆராய்ச்சில தோத்தவன நான் காப்பாத்திருவேன். செயிச்சவனக் காப்பாத்த என்ட்ட வழியில்ல."

மத்தியானம் லூர்து மேரி கூப்பிட்டார். தற்காலிகச் சான்றிதழ் தயார், ஒரு படிவம் மட்டும் பாக்கி. உலையிலிருந்து வந்த கசடு ஆய்வு மையத்தின் கழிவு. அதை ஒப்படைத்து, 'இப்பொருளில் இரும்பு இல்லை' என்று முனைவர் பட்டம் பெற்ற நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஐந்து மணிக்குள்.

வீட்டுக்கு வந்து மகாலட்சுமியிடம் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டியைத் தந்துவிட வேண்டும், குழியில் போட்டு மூடிவிடுவார்கள், வேறு வழியில்லை, வேலை போய்விடும் என்றேன்.

"பட்டம் ஒங்களுக்கு இருக்கட்டும். இரும்பு எனக்கு" என்றாள். அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பிரவீன் பட்டறைக்குக் கொண்டு போறேன். காய் சீவுறதுக்கு ஒரு கத்தி அடிச்சுத் தாரேன்னிருக்கான்."

"அப்ப ஆபீஸுக்கு?"

வாசலில் கிடந்த ஒரு கருங்கல்லைக் காலால் தள்ளிவிட்டாள். "இதக் கொண்டு போங்க. அவுகளுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

எனக்கே தெரியவில்லையே, அவர்களுக்கு எப்படித் தெரியும். கல்லைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நாலரை மணிக்கு லூர்து மேரி அதை எடை போட்டு, எண் எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"நல்லாப் பாத்துட்டுப் போடுங்க, டாக்டர் சார். இதுல இரும்பு இல்லைன்னு ஒங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

நான் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையிலேயே முதன்முறையாக எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்தது. 'முனைவர்' என்று முன்னால் போட்டுக் கையெழுத்திட்டேன்.